மேல், கீழ், கடைமடை: கீழக்கரையிலிருந்து ஒரு புவியியல் பாடம்

கீழக்கரை என்ற பெயரிலிருந்தே தொடங்குவோம். கீழ என்றால் கிழக்கு. ஆனால் அந்த ஊர்க் கடற்கரையில் நின்றால் கடல் தெற்கே கிடக்கிறது. அது மன்னார் வளைகுடா. அப்படியென்றால் இந்தக் 'கிழக்கு' யாருடைய கிழக்கு? எங்கே நின்று பார்த்தவர்களுக்கு இது கீழக் கரையாகத் தெரிந்தது? ஊர்ப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு பார்வைக் கோணம்தான்.

தமிழில் மேற்கு என்றால் மேல், கிழக்கு என்றால் கீழ். மேற்குத் தொடர்ச்சி மலையில் உயர்ந்து நிற்கும் நிலம் வங்கக் கடலை நோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவைப் பார்த்துப் பிறந்த சொற்கள் இவை. ஆனால் இதே இரண்டு சொற்களைத்தான் இந்தச் சமூகம் மேல்சாதி, கீழ்சாதி என்றும் வைத்திருக்கிறது. நிலத்தின் சரிவு இயற்கை. அந்தச் சரிவில் யார் மடைக்குப் பக்கத்தில், யார் கடைமடையில் என்று மனிதர்களை வரிசையாக உட்கார வைத்தது இயற்கை இல்லை. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தருவதுதான் நமக்கு வேண்டிய புவியியல்.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம் என்றால், ராமநாதபுரம் மாவட்டத்தைப் பற்றி ஒரே ஒரு விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. 'தண்ணியில்லாக் காடு.' அதிகாரிகளைத் தண்டிக்க வேண்டுமென்றால் அங்கே மாற்றிவிடுவார்கள் என்பது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பேச்சு. மழை இல்லை, அதனால் விளைச்சல் இல்லை, அதனால் வறுமை, அதனால்தான் அங்கே சாதிச் சண்டை என்று கணக்கு முடிந்துவிடும். குற்றவாளி மழை. மழை மீது வழக்குப் போட முடியாது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கப் பள்ளிப் புவியியலே போதும். 1984இல் அமெரிக்கப் புவியியல் ஆசிரியர்கள் பாடம் நடத்துவதற்காக ஐந்து அடிப்படைக் கருத்துகளை வகுத்தார்கள். அமைவிடம், இடம், மனிதருக்கும் சூழலுக்குமான உறவு, நகர்வு, வட்டாரம். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற ஐந்து சொற்களாகவே அவை நின்றுவிடுகின்றன. அவற்றைக் கேள்விகளாக மாற்றி, கீழக்கரையிலும் அதைச் சுற்றியுள்ள சீமையிலும் வைத்துப் பார்ப்போம்.

அமைவிடம்: எங்கே இருக்கிறது?

கீழக்கரை வட அட்சம் 9 பாகைக்குச் சற்று மேலே, கிழக்குத் தீர்க்கம் 78 பாகையைத் தாண்டி இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கி.மீ. இது எண்ணால் சொல்லும் அமைவிடம். எதற்குப் பக்கத்தில், எதிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று சொல்வது இன்னொரு வகை. அரசியல் இருப்பது இந்த இரண்டாவதில்.

கடலில் வருகிறவனுக்குக் கீழக்கரை ஒரு மையம். முத்தும் சங்கும் விற்ற துறை அது. இந்தக் கடற்கரையை அரபு வணிகர்கள் 'மஃபர்' என்றார்கள், கடந்துபோகும் இடம் என்று பொருள். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி இந்த ஊர் வணிகர். வைகையின் வழியே நடந்து வருகிறவனுக்கோ இதே ஊர் கடைசி. மேற்கு மலையில் பிறக்கிற வைகை கடலில் நேராகப் போய்ச் சேருவதில்லை. வழியெல்லாம் கண்மாய்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிறது.

ஒரே ஊர் கடல் வழியில் வாசல், ஆற்று வழியில் கடைமடை. எந்த வழியை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மையமும் விளிம்பும் மாறுகின்றன. உங்கள் ஊரில் சேரி 'ஊருக்கு வெளியே' இருக்கிறது என்கிறார்களே, அது எதிலிருந்து வெளியே? கோயிலை நடுவில் வைத்து அளந்தால் வெளியே. நடவு வயலை நடுவில் வைத்து அளந்தால்?

இடம்: அங்கே என்ன இருக்கிறது?

இரண்டாவது கருத்து, ஓர் இடத்துக்கு உரிய தன்மைகள். மழை, மண், ஊர் அமைப்பு, மக்கள்.

முதலில் மழை. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். கோவை, திருப்பூர் மாவட்டங்களின் சராசரி மழை இதைவிடக் குறைவு. ஆனால் கோவையை யாரும் தண்ணியில்லாக் காடு என்பதில்லை. அங்கே மலையிலிருந்து அணைகளும் கால்வாய்களும் வந்தன, மின்சாரம் வந்தது, ஆலைகள் வந்தன. வானத்திலிருந்து விழுவது ஒரு கணக்கு. விழுந்ததையும் வெளியிலிருந்து கொண்டுவந்ததையும் யாருக்குப் பங்கிடுகிறார்கள் என்பது வேறு கணக்கு. இரண்டாவதை மறைக்கத்தான் முதலாவது அதிகம் பேசப்படுகிறது.

அடுத்து மக்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் பதின்மூன்றரை லட்சம். அதில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கீழக்கரை நகரில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. வணிகமும் வெளிநாட்டு வருமானமும் எழுப்பிய ஊர். உள்ளே போகப் போக, முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் கண்மாயை நம்பிய கிராமங்கள். தனித்தனிச் சாதிக்குத் தனித்தனிக் குடியிருப்பு என்ற அமைப்பு அங்கே பல இடங்களில் தெளிவாகத் தெரியும்.

கீழக்கரை போன்ற கடற்கரை நகருக்குக் கூலிக்குப் போவது, நிலக்காரரின் களத்தில் நிற்பதிலிருந்து வேறுபட்டது. பணமாகக் கூலி கிடைக்கும். சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம். அதற்காக நகரத்தில் சாதி இல்லை என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டின் எந்த நகராட்சியை எடுத்துக்கொண்டாலும் சாக்கடையில் இறங்குகிற கை யாருடையது என்று பார்த்தால் தெரிந்துவிடும். நகரம் சாதியை அழிப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது. ஆனால் அந்த இடமாற்றத்தில் ஓர் இடைவெளி பிறக்கிறது. நம் முன்னோர் பலர் அந்த இடைவெளியில்தான் படித்தார்கள், சங்கம் வைத்தார்கள்.

மனிதரும் சூழலும்: தண்ணீரை யார் திறக்கிறார்கள்?

மூன்றாவது கருத்துதான் இந்தச் சீமையின் சாவி. நிலத்தை மனிதர் மாற்றுகிறார்கள், நிலம் மனிதரை மாற்றுகிறது என்று பாடநூல் சொல்லும். 'மனிதர்' என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுவதில்தான் சிக்கல்.

மூன்று மாத மழையைப் பிடித்து ஆண்டு முழுவதும் வாழ்வதற்கு இந்த நிலம் கண்டுபிடித்த வழி கண்மாய். கண்மாய்க்கு மடை உண்டு, மடைக்கு ஆள் உண்டு. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடையை எப்போது அடைப்பது, கரையில் எங்கே கசிகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தென் தமிழகத்தில் இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வெள்ளம் வரும் இரவில் மடையில் மூழ்கித் திறந்தவரும் அவரே. தண்ணீரைப் பற்றிய அறிவு முழுவதும் யாரிடம் இருந்ததோ, தண்ணீர் பாயும் நிலம் அவர்களிடம் இல்லை. இதை எந்த மழைக்கணக்கும் விளக்காது.

இது தற்செயலும் இல்லை. 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதி திராவிடர்களுக்கு எதிராகத் தடைகள் போட்டார்கள். சாதி பற்றிய ஹட்டனின் நூலில் அந்தப் பட்டியல் பதிவாகியிருக்கிறது. நகை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பவை பலரும் கேள்விப்பட்டவை. நிலத்தையும் தண்ணீரையும் பற்றிய தடைகளைத்தான் நாம் கூர்ந்து படிக்க வேண்டும். சொந்த நிலம் இருந்தால் மிராசுதார்களுக்கு மலிவாக விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழைத் தண்ணீரை நம்பி எதையாவது விளைவித்தாலும், அறுவடை நேரத்தில் அது கொள்ளையிடப்படும். பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளைக் குடம் கூடாது.

மீண்டும் படியுங்கள். மழை பெய்தாலும் உனக்கு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். வறட்சிக்குச் சாதி தெரியாது என்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். 1927 மார்ச்சில் மகத்தில் சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

நிலம் எப்படிப் போனது என்பதற்கும் ஒரு புவியியல் உண்டு. பஞ்சமி நிலம் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார், 1892இல் ஆணை வந்தது. ஆனால் அரசு கொடுக்க முடிந்தது அரசின் கையிலிருந்த தரிசு நிலத்தைத்தான். ராமநாதபுரம் சேதுபதிச் சீமை ஜமீனாக இருந்தது. ஜமீன் எல்லைக்குள் தரிசும் ஜமீனுக்கே. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, சாகுபடி உரிமையைக் காட்ட முடிந்தவர்களுக்குப் பட்டா கிடைத்தது. அந்த நிலத்தில் உழைத்ததற்கு மட்டும் கைக்காப்புக் காய்த்திருந்தவர்களுக்குக் காட்டக் காகிதம் இல்லை. எனவே பஞ்சமி நில மீட்பு முழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் போதாது. இந்த மண்ணின் நில வரலாற்றிலிருந்துதான் இங்குள்ள கோரிக்கை பிறக்க வேண்டும்.

சீமைக் கருவேலத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது ஊரே கொண்டாடியது. நிலத்தடி நீருக்குக் கேடு என்ற கவலை நியாயமானதே. ஆனால் சொந்த நிலம் இல்லாத எத்தனையோ குடும்பங்கள் அந்த மரத்தை வெட்டி, கரிமூட்டம் போட்டுத்தான் உலை வைக்கின்றன. மரத்தை எடுங்கள், அந்த இடத்தில் யாருக்கு என்ன கொடுப்பீர்கள் என்ற கேள்வி அன்று அநேகமாக எழவில்லை. அதேபோல் 2016இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. வெயில்கூட முதலீடாகும் என்று தெரிந்தது. ஆனால் 'தரிசு' என்று எழுதப்படும் நிலத்தில் ஆடு மேய்த்தவர், விறகு எடுத்தவர், கூலிக்குப் போனவர் யார் என்று எந்தப் பதிவேட்டிலும் தனிக் கட்டம் கிடையாது.

நகர்வு: யார் போகலாம், எந்த வழியில்?

ராமேஸ்வரம் என்றால் நாட்டுக்கே யாத்திரை நினைவுக்கு வரும். நம் நினைவில் வரவேண்டிய நகர்வு இன்னொன்று. இதே கடற்கரையைத் தாண்டித்தான் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மக்கள் போனார்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் பாம்பன் பாலம் வந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. மண்டபம் முகாமில் தோட்டக் கூலிகளை நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. புயலை எல்லோருக்கும் தெரியும், படம் எடுக்கிறார்கள், சுற்றுலா போகிறார்கள். ஒரு கையெழுத்தில் பங்கு போடப்பட்ட ஐந்தே கால் லட்சம் பேரைப் பற்றி அந்தக் கடற்கரையில் யார் சொல்கிறார்கள்? அவர்களில் பலர் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் வழியாக நீலகிரித் தேயிலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடல் கடந்தும் வேலை மாறவில்லை.

நகர்வுக்குச் சிறிய அளவும் உண்டு. சுடுகாட்டுப் பாதை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் தெரு, கோயில் வீதி. ஒரு பிணம் ஊருக்குள் போகாமல் வயல் வரப்பில் சுற்றிப் போகிறது என்றால், அந்தச் சுற்றுத் தூரத்தை மீட்டரில் அளக்க முடியும். அளந்து எழுதினால் அது மனு. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய அமைதிப் பேச்சில் சமமாக உட்கார்ந்த தியாகி இம்மானுவேல் சேகரன், மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அவர் நினைவு நாளுக்குப் போகிறவர்கள் மீது 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடி ஐந்துமுனைச் சந்திப்பில் காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. இன்றும் செப்டம்பர் வந்தால் மாவட்டத்தில் தடை உத்தரவு, வாகனக் கட்டுப்பாடு, குறிக்கப்பட்ட பாதை. சாலை எல்லோருக்கும் பொது என்பது வரைபடத்தில்தான்.

வட்டாரம்: கோட்டை யார் போடுகிறார்கள்?

கடைசிக் கருத்து வட்டாரம். ஏதோ ஒரு பொதுத்தன்மையை வைத்து ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு போடுவது. கீழக்கரையைச் சுற்றி எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் சேதுபதிச் சீமை. 1910இல் ராமநாதபுரம் மாவட்டம். 1985இல் அது மூன்றாகப் பிரிந்து ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். கடலில் 1986இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. அதன் 21 தீவுகளில் ஒரு தொகுதிக்குக் கீழக்கரையின் பெயர். அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்த பெண்களுக்கு ஒரு நாள் காலையில் அந்தக் கடல் 'பூங்கா' ஆனது. 2018இல் நிதி ஆயோக் பட்டியலில் 'முன்னேற விழையும் மாவட்டம்'. ஒவ்வொரு கோடும் யாரையோ உள்ளே வைத்து, யாரையோ வெளியே விட்டது.

சாதிப் பட்டியலுக்குள்ளும் கோடு உண்டு. 2021இல் தேவேந்திரகுல வேளாளர் பெயர் மாற்றச் சட்டம் வந்தபோது, அந்தப் பொதுப் பெயரில் கடையரும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் ராமநாதபுரம் உள்ளிட்ட சில மாவட்டங்களின் கடலோரப் பகுதிகள் நீங்கலாக என்று எழுதப்பட்டது. நம்மை என்ன பெயரில் அழைப்பது என்பதையே கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது முடிவு செய்கிறது. புவியியல் நமக்குச் சம்பந்தமில்லாத பாடம் என்று இனிச் சொல்ல முடியுமா?

என்ன செய்யலாம்?

1960களின் இறுதியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வில்லியம் பங்கி என்ற புவியியலாளரும் குவெண்டலின் வாரன் என்ற இளம் கறுப்பினப் பெண்ணும் சேர்ந்து, கறுப்பின இளைஞர்களுக்கு வரைபடம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். புறநகர் வெள்ளையர்களின் கார்கள் அடித்துக் கறுப்பினக் குழந்தைகள் இறந்த இடங்களை அவர்கள் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார்கள். தனித்தனி விபத்து என்று சொல்லப்பட்டவை ஒரே சாலையில் வரிசையாக நின்றன. அதற்குப் பிறகு அதை விதி என்று யாரும் சொல்ல முடியவில்லை.

நம் ஊர்களுக்கும் அப்படி ஒரு வரைபடம் வேண்டும். கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு, அடங்கல் எல்லாம் அரசு ஆவணங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அதன்மேல் நீங்கள் எழுத வேண்டியவை பாடநூலில் இல்லாதவை. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் திருச்சிப் பக்கமிருந்து இவ்வளவு தூரம் வந்து, எந்தத் தெருவில் நிற்கிறது? மேல்நிலைத் தொட்டி யார் வீட்டுப் பக்கம்? மழை நாளில் முதலில் முழங்கால் தண்ணீர் நிற்பது எங்கே? கண்மாய்ப் புறம்போக்கு யார் கையில்? மடை திறந்த தாத்தா இன்னும் இருக்கிறாரா? இருந்தால் அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு மடையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் தலையில் இருக்கும் வரைபடம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

கடற்கரை ஊர்களில் குடிநீருக்காகப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்கு நடுவில் எங்கே எத்தனை அடியில் நல்ல தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதுவும் புவியியல்தான், யாரும் மதிப்பெண் போடாத புவியியல்.

அடுத்த முறை மேடையில் யாராவது 'வறண்ட மாவட்டம், நாம் என்ன செய்வது' என்று தொடங்கினால், உங்கள் வரைபடத்தை விரித்து ஒரே கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கே இல்லை என்று கேட்க வேண்டாம். இருக்கிற தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று கேளுங்கள்.